கிரியாட்டினின் 2.4 என்று வந்த பூனையை எப்படிக் கண்காணிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மீனு பன்னிரண்டு வயதுப் பெண் பெர்ஷியன் பூனை. சென்ற ஆண்டு தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது 4.1 கிலோ இருந்தவள் இப்போது 3.6 கிலோ. தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறதே என்று இரத்தப் பரிசோதனை செய்ததில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்று வந்தது. சிறுநீரக நோய் என்றும், தீனியை மாற்றி ஆறு மாதம் கழித்து அழைத்து வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இது போதுமா, அதுவரை வீட்டில் எதைக் கவனிப்பது என்று கேட்கிறீர்கள்.

ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருப்பது போதாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்த்து வருகிறேன். இந்த நோயில் ஒரு தனி எண் என்னை ஏமாற்றிய அளவுக்கு வேறெதுவும் ஏமாற்றியதில்லை. மீனுவை ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் ‘இயல்பு வரம்பு’டன் ஒப்பிடுவதைவிட, மூன்று மாதத்திற்கு முந்தைய மீனுவுடன் ஒப்பிடுவதுதான் கண்காணிப்பு. அப்படி ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஒரு சரியான தொடக்கப் பதிவு வேண்டும். உங்களிடம் இப்போது இருப்பது அதில் கால் பங்குதான்.

கிரியாட்டினின் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். தசைகளில் இயல்பாக உருவாகும் கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறையக் குறைய இரத்தத்தில் அது தேங்குகிறது. ஆனால் சிறுநீரகத்திற்குக் கையிருப்புத் திறன் மிக அதிகம். ஏறத்தாழ முக்கால் பங்குச் செயல்திறனை இழந்த பிறகே கிரியாட்டினின் வரம்பைத் தாண்டுவது வழக்கம். அதனால், எண் உயர்ந்துவிட்டது என்றால் நோய் நேற்று வந்ததல்ல. இதைச் சொல்வது உங்களைக் குற்றம் சொல்வதற்காக அன்று. பூனைகள் நோயை மறைப்பதில் வல்லவை, மிகக் கவனமாக வளர்ப்பவர்களுக்கும் இது பிந்தித்தான் தெரிகிறது.

மீனுவின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓராண்டில் அரைக் கிலோ, அதாவது உடல் எடையில் எட்டில் ஒரு பங்கு, குறைந்திருக்கிறது. வயதான பூனையில் இப்படிக் கரைவது பெரும்பாலும் தசை. தசை குறைந்தால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறையும். ஆகவே, மெலிந்த பூனையின் 2.4, நல்ல உடற்கட்டுள்ள பூனையின் 2.4-ஐவிட மோசமான சிறுநீரகத்தைக் குறிக்கலாம். இங்கேதான் எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னோர் இரத்தப் பரிசோதனை உதவுகிறது. தசையின் அளவு அதைப் பாதிப்பதில்லை. சராசரியாகச் செயல்திறன் நாற்பது விழுக்காடு குறையும்போதே அது உயரத் தொடங்கிவிடும். எல்லா ஊர்களிலும் எளிதில் கிடைக்காது என்றாலும், இரத்த மாதிரியைப் பெரிய ஆய்வகத்திற்கு அனுப்ப முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் நோயின் கட்டத்தைக் கணிக்கப் பயன்படுத்துவது, 1998-இல் தொடங்கப்பட்ட ஐரிஸ் என்னும் பன்னாட்டுக் கால்நடைச் சிறுநீரக நிபுணர் குழு வகுத்த அளவுகோல். பூனைகளில் கிரியாட்டினின் 1.6-க்குக் கீழே இருந்து வேறு சான்றுகளால் சிறுநீரகக் கோளாறு தெரிந்தால் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் நான்காம் நிலை. எஸ்.டி.எம்.ஏ.க்கும் இதேபோல 18, 25, 38 என்று எல்லைகள் உண்டு. மீனு கிரியாட்டினின்படி இரண்டாம் நிலை. ஆனால் அவளுடைய எஸ்.டி.எம்.ஏ. தொடர்ந்து 25-க்கு மேல் வருமானால், அவளை மூன்றாம் நிலைப் பூனையாகவே கருதிச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. மெலிந்த பூனைகளுக்காகவே எழுதப்பட்டதுபோன்ற விதி இது.

இந்த நிலைகளைக் கணிக்கும்போது பூனையின் உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கக் கூடாது என்பது அடிப்படை நிபந்தனை. கத்திரி வெயில் நாளில் இரண்டு நாள் வாந்தி எடுத்து வந்த பூனையின் கிரியாட்டினின் 4 என்று காட்டும். தோலுக்கடியிலோ நரம்பு வழியாகவோ திரவம் ஏற்றிய பின் அதே பூனையில் 2.2 என்று காட்டும். இரண்டும் பொய்யில்லை, ஆனால் முதல் எண்ணை வைத்து நிலையைத் தீர்மானித்தால் தவறு. அதனால் உடல்நிலை சீராக இருக்கும் நேரத்தில், சில வார இடைவெளியில் இருமுறையாவது, உணவு கொடுக்காத வயிற்றில், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். கருவிக்குக் கருவி அளவு மாறும். ஓர் இடத்தில் 2.4, இன்னோர் இடத்தில் 2.6 என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. இரத்தத்தில் அளக்கும் இன்னொரு கழிவான யூரியாவைத் தனியாகப் பார்த்துக் கலங்காதீர்கள். இறைச்சி மிகுந்த உணவு, குடலில் இரத்தக் கசிவு, நீரிழப்பு ஆகிய எதனாலும் அது ஏறும்.

இனி, உங்கள் தாளில் இல்லாதவற்றுக்கு வருகிறேன். முதலாவது சிறுநீர். சிறுநீரக நோயைச் சிறுநீரே பார்க்காமல் முடிவு செய்வது எனக்கு எப்போதும் குறைபாடாகவே படும். சிறுநீரின் அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். நனைத்து நிறம் பார்க்கும் பட்டையில் உள்ள அடர்த்திக் கட்டத்தைப் பூனைக்கு நம்பக் கூடாது. நீரிழப்பு உள்ள பூனையாக இருந்தும், கிரியாட்டினின் உயர்ந்திருந்தும், அடர்த்தி 1.035-ஐ எட்டவில்லை என்றால், நீரைத் தக்கவைக்கும் திறனைச் சிறுநீரகம் இழந்திருக்கிறது. நோய் முற்றும்போது அது 1.008-க்கும் 1.012-க்கும் இடையில் நின்றுவிடும். மீனு அதிகமாகக் குடிப்பதன் காரணமும் இதுவே: வெளியே போவதை ஈடுகட்டக் குடிக்கிறாள். ‘இவ்வளவு சிறுநீர் போகிறதே, தண்ணீரைக் குறைப்போம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது, சிறுநீரில் புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்பது. புரதத்திற்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.2-க்குக் கீழே இருந்தால் நல்லது, 0.4-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் நோய் விரைந்து நகரும் வாய்ப்பு கூடுகிறது, மருந்தும் தேவைப்படலாம். சிறுநீரில் கிருமித் தொற்றோ இரத்தமோ இருந்தால் இந்த விகிதம் பொய்யாக உயரும் என்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும். நீர்த்த சிறுநீரில் கிருமி வளர எளிது. பூனை எந்த வலியும் காட்டாமல் இருக்கும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மருத்துவர் ஊசியால் நேரடியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பதே சரியான முறை. கேட்கப் பயமாக இருக்கும். பெரும்பாலான பூனைகள் இரத்தம் எடுப்பதைவிட இதை அமைதியாகப் பொறுத்துக்கொள்கின்றன.

இரண்டாவது, இரத்த அழுத்தம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அதிகம் விட்டுப்போவதும், விட்டுப்போனால் திருத்தவே முடியாத இழப்பைத் தருவதும் இதுதான். சிறுநீரக நோயுள்ள பூனைகளில் ஐந்தில் ஒன்றுக்காவது இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஒருநாள் காலையில் பூனை நாற்காலியில் முட்டிக்கொள்ளும், கண்ணின் பாவை வெளிச்சத்திலும் விரிந்தே இருக்கும். விழித்திரை பிரிந்து பார்வை போயிருக்கும். இப்படி ‘நேற்று வரை நன்றாக இருந்தது’ என்று கொண்டுவரப்பட்ட பூனைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு அதற்கு முன் இரத்த அழுத்தம் ஒருமுறைகூட அளக்கப்பட்டதில்லை. ஓரிரு நாளுக்குள் மருந்து தொடங்கிச் சிலவற்றுக்குப் பார்வை ஓரளவு திரும்பியது, பலவற்றுக்குத் திரும்பவில்லை.

பூனைக்கு மேல் அழுத்தம் 140-க்குக் கீழே இருப்பது இயல்பு. 160 முதல் 179 வரை தொடர்ந்து காட்டினால் உயர் அழுத்தம். 180-ஐத் தொட்டால் கண், மூளை, இதயம் ஆகியவற்றுக்குக் கடும் ஆபத்து. ஆனால் மருத்துவமனைக்கு வந்த பதற்றத்திலேயே பூனைக்கு அழுத்தம் ஏறும் என்பதால், அளக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நாய்கள் குரைக்காத அறையில், கூடையைத் திறந்துவைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். இரத்தம் எடுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். காலிலோ வாலிலோ சுற்றும் பட்டையின் அகலம் அந்த உறுப்பின் சுற்றளவில் 30 முதல் 40 விழுக்காடு இருக்க வேண்டும். முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனையில் இரத்த அழுத்தம் அளக்கும் டாப்ளர் கருவி இல்லாவிட்டால் இதற்காக மட்டுமாவது வேறிடம் போய்வருவது தகும். சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை இருக்கிறது. அழுத்தம் உயர்ந்திருந்தால் அம்லோடிபின் அல்லது டெல்மிசார்டன் கொடுப்பது வழக்கம். மருந்து தொடங்கியபின் ஒன்று இரண்டு வாரத்திற்குள் மீண்டும் அளக்க வேண்டும். டெல்மிசார்டன், பெனாசெப்ரில் போன்றவை தொடங்கினால் அதே நேரத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். இவை மனிதர்களுக்கும் கொடுக்கப்படும் மருந்துகள் என்பதால் வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரத்தத்தில் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். அவற்றில் முதன்மையானது பாஸ்பரஸ். ஆய்வகத் தாளில் ‘இயல்பு’ என்று இருப்பதோடு நின்றுவிடக் கூடாது. இரண்டாம் நிலைப் பூனைக்கு அது 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு, மூன்றாம் நிலைக்கு 5.0, நான்காம் நிலைக்கு 6.0. சிறுநீரக உணவு என்று விற்கப்படும் தீனியின் பயனில் பெரும்பகுதி இந்தப் பாஸ்பரஸ் குறைப்பில்தான் இருக்கிறது. உணவை மாற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துப் பரிசோதித்து, இலக்கை எட்டவில்லை என்றால் உணவோடு கலந்து கொடுக்கும் பாஸ்பரஸ் பிணைப்பு மருந்தை மருத்துவர் சேர்ப்பார். இந்த உணவில் சில பூனைகளுக்குக் கால்சியம் ஏறுவதுண்டு, அதையும் உடன் பார்க்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் கழுத்தைத் தூக்க முடியாமல் தலை தொங்கும், பின்னங்கால் தளரும். சிவப்பணுக்கள் குறைந்தால் ஈறு வெளுத்து, பூனை எந்நேரமும் தூங்கிக் கிடக்கும். பத்து வயதைத் தாண்டிய பூனை என்பதால் தைராய்டும் ஒருமுறை பார்த்தாக வேண்டும்: தைராய்டு மிகைப்பும் எடையைக் குறைக்கும், தண்ணீர் குடிக்கவைக்கும், அதோடு சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டி நோயை மறைத்தும் வைக்கும்.

மீனு பெர்ஷியன் என்பதால் ஒரு ஸ்கேன் கட்டாயம் என்பேன். இந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் மிகுதி. பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இது காணப்பட்டது. இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004-இல் கண்டறியப்பட்டது, பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். நீர்க்கட்டி இருக்கிறது என்று தெரிந்தால் சிகிச்சை பெரிதாக மாறாது. ஆனால் அவளுடைய குட்டிகள் யார் வீட்டிலாவது இருந்தால் அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி அது. ஸ்கேனில் கல், சிறுநீர்க் குழாய் அடைப்பு, இரு சிறுநீரகங்களின் அளவு வேறுபாடு ஆகியவையும் தெரியும்.

வீட்டில் செய்ய வேண்டியதைக் கேட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை முதற்கருவி எடைபோடும் தராசு. குழந்தைகளுக்கான தராசு, பத்து கிராம் துல்லியம் காட்டுவது, போதும். நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று உங்கள் எடையைக் கழிக்கும் முறை வேண்டாம். மூன்றரைக் கிலோப் பூனையில் இருநூறு கிராம் பிழை என்பது நாம் தேடும் மாற்றத்தையே விழுங்கிவிடும். வாரம் ஒருமுறை, ஒரே நாள், காலைத் தீனிக்கு முன் எடை போட்டு எழுதுங்கள். ஒரு வாரம் ஐம்பது கிராம் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம். நான்கு வாரம் தொடர்ந்து இறங்கினாலோ, மொத்தம் ஐந்து விழுக்காடு, மீனுவுக்கு 180 கிராம், குறைந்தாலோ அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பூனைகள் இந்த நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஓராண்டில் இடைநிலையாக (பாதிப் பூனைகள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) 8.9 விழுக்காடு எடை இழந்திருந்தன. எந்த ஆய்வகத்திற்கும் முன்பே தராசு பேசுகிறது என்று நான் சொல்வது இதனால்தான். எடையோடு கையையும் பயன்படுத்துங்கள். பெர்ஷியனின் அடர்ந்த ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மாதம் ஒருமுறை முதுகெலும்பின் மீதும் தோள்பட்டையின் மீதும் விரலை ஓட்டி, எலும்பு முன்னைவிடக் கூர்மையாகத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

தண்ணீரை அளப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் பிழை மிகும். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளக்கலாம். நம் ஊர்க் கோடையில் மின்விசிறிக்கு அடியில் நாள் முழுதும் எவ்வளவோ ஆவியாகிவிடும். அதே கிண்ணம் இன்னொன்றில் அதே அளவு நீர் ஊற்றி, அதே அறையில் மீனு எட்டாத உயரத்தில் வைத்து, அதில் குறைந்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு நூறு மில்லிக்கு மேல், மீனுவுக்கு 360 மில்லிக்கு மேல், என்றால் ஐயமின்றி அதிகம். உலர் தீனியிலிருந்து ஈரத் தீனிக்கு மாறினால் குடிப்பது தானாகவே குறையும், அதைக் குறிப்பில் எழுதிவையுங்கள். கழிவுத் தட்டில் சிறுநீர் பட்டால் கட்டியாகும் மணலைப் பயன்படுத்தினால் அந்தக் கட்டிகளின் எண்ணிக்கையும் அளவும் இன்னும் நம்பகமான செய்தி தரும். கட்டிகள் திடீரென்று பெருத்தாலும் சிறுத்தாலும் அது குறிப்பில் ஏற வேண்டும். மலம் கெட்டியாகி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போவது நீர்ச்சத்துக் குறைவின் தொடக்க அடையாளம்.

உணவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சிறுநீரகத் தீனிக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய தீனியோடு சிறிது சிறிதாகக் கலந்து மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல் இருக்கும் நாளில் புதுத் தீனியை நீட்டினால், அந்த மணத்தையே நோயோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு தொடவே மாட்டாள். முற்றிலும் மறுத்தால் அவள் உண்ணும் ஏதாவது ஒன்றை உண்ணட்டும். சரியான உணவை உண்ணாமல் கிடப்பதைவிடச் சுமாரான உணவை உண்பது மேல். ஆனால் கருவாடு வேண்டாம், உப்பும் பாஸ்பரஸும் அதில் மிகுதி. தட்டை முகர்ந்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போவது பசியின்மை மட்டுமில்லை, குமட்டல். அதற்கு மருந்து இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள்.

வீட்டில் தோலுக்கடியில் திரவம் ஏற்றக் கற்றுக்கொடுத்தால், ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் எடை போடுங்கள். தூங்கும்போது நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். முப்பதைத் தாண்டினால் திரவத்தை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும், நுரையீரலில் நீர் தேங்கியிருக்கலாம். இரண்டாம் நிலையில், நன்றாகக் குடித்துச் சாப்பிடும் பூனைக்குத் திரவம் பெரும்பாலும் தேவைப்படாது. கிரியாட்டினின் எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் ஏற்றுவதை நான் ஆதரிப்பதில்லை.

ஆக, மீனுவுக்கு நான் வகுக்கும் கால ஒழுங்கு இது. அடுத்த இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் சிறுநீர், இரத்த அழுத்தம், எஸ்.டி.எம்.ஏ., தைராய்டு, ஸ்கேன் ஆகியவற்றோடு கிரியாட்டினினையும் மீண்டும் பாருங்கள். உணவு முழுதாக மாறி ஒரு மாதத்திற்குப் பின் பாஸ்பரஸும் கால்சியமும் பார்க்க வேண்டும். அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஒரே நிலையில் நின்றால் அப்போது நீங்கள் கேட்ட ஆறு மாத இடைவெளிக்குப் போகலாம். மூன்றாம் நிலைக்கு நகர்ந்தால் இடைவெளி ஒன்றரை முதல் மூன்று மாதமாகச் சுருங்க வேண்டும்.

இடைவெளி எதுவாயினும் இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது: ஒரு முழு நாள் எதுவும் உண்ணாமை, மீண்டும் மீண்டும் வாந்தி, ஒரு நாளாகச் சிறுநீர் போகாமை, திடீர்ப் பார்வை இழப்பு, வலிப்பு, தலை தொங்குதல், வாயில் புண்ணோடு கூடிய கடும் நாற்றம். நாட்பட்ட நோயின் மீது திடீர்ச் சேதம் ஏறுவதும் உண்டு, அதற்கு வீட்டிலேயே காரணம் இருக்கலாம். பூங்கொத்தில் வரும் லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். மனிதர்களின் வலி மாத்திரைகளும் அப்படியே. பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும், இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனக்கும் நேரே சிறுநீரகத்தைத் தாக்கும்.

‘எவ்வளவு நாள் இருப்பாள்’ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. 2008-இல் 211 பூனைகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வில், நோய் கண்டறியப்பட்ட பின் வாழ்ந்த இடைநிலைக் காலம் இரண்டாம் நிலையின் பிற்பகுதியில் 1,151 நாள். மூன்றாம் நிலையில் 778. நான்காம் நிலையில் 103. ஒவ்வொரு நிலையிலும் இதற்கு மிகக் குறைவாகவும் மிக அதிகமாகவும் வாழ்ந்த பூனைகள் இருந்தன. இரண்டாம் நிலையில் இருக்கும் மீனுவுக்கு ஆண்டுகளை எண்ணித் திட்டமிடலாம். அவளுடைய நோய் மற்றவர்களைப் போல நகருமா, அசையாமல் நிற்குமா என்பதை உங்கள் குறிப்பேடுதான் சொல்லும்.

என்றாவது நான்காம் நிலை வந்தால், அப்போது இரத்தம் எடுப்பதைக் குறைத்து, நாட்காட்டியில் ஒவ்வொரு இரவும் ஒரு குறி இடச் சொல்வேன். அவள் தானாக உண்டாளா, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்தாளா, வழக்கமாக உட்காரும் சன்னலுக்கு வந்தாளா என்று பார்த்து நல்ல நாளா கெட்ட நாளா என்று குறியுங்கள். ஒரு மாதத்துத் தாளில் கெட்ட நாள் குறிகள் மிகுந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். அன்றைய பேச்சுக்குக் கிரியாட்டினின் எண் தேவைப்படாது.